பெயர் தெரியாப் பூச்செடிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பூச்செடிச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும் வேலை, பெயர்ச்சீட்டு தொலைந்த செடிகளுக்கு ரகப் பெயர் தேடியதுதான்.

பெயர் கேட்டு வந்தவற்றில் பல, தனிப் பூவாகவோ கைப்பேசிப் படமாகவோ வந்தன. அவற்றைக் கொண்டு என்ன செடி என்று சொல்லலாம்; என்ன ரகம் என்று சொல்ல முடியாது. படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளுக்கும் இதே கதிதான். இனி மொட்டு, அன்று மலர்ந்த பூ, வாடும் பூ மூன்றும் உள்ள கிளை வேண்டும். பூவை முன், பக்கம், பின் என மூன்று கோணங்களில், அருகே மில்லிமீட்டர் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கிளையின் நடுப்பகுதியில் 10 இலைகளை அளந்து எழுதுங்கள். நுனித்தளிரும் நிழலில் வளர்ந்த இலையும் சேர்ந்தால் அளவு கெடும். ரோஜாவுக்கு முள்ளின் வடிவம், இலையடிச் செதில், புல்லியிதழின் ஓரம் ஆகியவற்றையும் குறியுங்கள். பூவின் நிறத்தைவிட இவை நம்பத்தக்கவை.

நிறம்தான் அதிகம் குழப்பியது. ஹைட்ரேஞ்சியாவின் பல ரகங்கள், மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5க்குக் கீழே இருந்தால் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும், 6.5க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு. செடி ஒன்றே, தொட்டி மண்தான் வேறு. காகிதப்பூவில் நிறம் தருவது பூ அல்ல, அதைச் சூழ்ந்த தாள் போன்ற செதில். உள்ளே இருக்கும் சிறு குழாய்தான் பூ. செதில் முதிர முதிர நிறமும் மாறும். 'மேரி பாமர்' ரகத்தில் வெள்ளையும் மெஜந்தாவும் ஒரே செடியில் வரும். ஒரு கிளையை மட்டும் பார்த்தவர் வேறு பெயர்தான் சொல்வார். நிறத்தைக் குழல்விளக்கிலோ நேர் வெயிலிலோ பார்க்க வேண்டாம். பகலில், நிழலில் பாருங்கள். ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டியின் நிற அட்டையைச் சங்கத்துக்கு வாங்க ஒப்புதல் கோருகிறேன். “வெளிர் ரோஸ்” என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

ஒட்டு ரோஜா திடீரென அடர்சிவப்பாகப் பூத்தால் புது ரகம் என்று மகிழாதீர்கள். மேலே கட்டிய ஒட்டு செத்து, அதைத் தாங்கிய வேர்ப்பகுதியான அடிச்செடி தழைத்திருக்கலாம். 'டாக்டர் ஹியூய்' என்ற அடிச்செடி இப்படித்தான் பல தோட்டங்களில் வேறு பெயரில் நிற்கிறது. தளிர் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புகிறதா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். குச்சியாலோ ஒட்டாலோ பெருக்கும் ரகங்களில், விதையில் முளைத்த செடிக்குத் தாய்ச்செடியின் பெயர் பொருந்தாது.

பதிவேடுகளில் ஒப்பிட, ரோஜாவுக்கு அமெரிக்கன் ரோஸ் சொசைட்டி, காகிதப்பூவுக்குப் புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், டேலியாவுக்கு ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி ஆகியவை ரகப் பெயர்களுக்கான பன்னாட்டுப் பதிவாளர்கள். பதிவேட்டு விவரம் தேடலைச் சுருக்கும், அவ்வளவே. பெயர் உறுதியான செடியை அதே மண்ணில், அதே வெயிலில் பக்கத்தில் வைத்து ஒரு பூக்கும் பருவம் முழுதும் ஒப்பிட்ட பிறகே முடிவு.

அதுவரை சீட்டில் சங்க எண் மட்டும் இருக்கட்டும். ரகப் பெயரை வழக்கப்படி ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவது உறுதியான பிறகுதான். ஐயத்தோடு எழுதிய பெயர், குச்சி கைமாறும்போது ஐயத்தை விட்டுவிட்டுப் பெயராக மட்டும் போகிறது. மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும், பென்சிலால் எழுதுங்கள். பழைய சீட்டு தவறானதாகத் தோன்றினாலும் பிடுங்கிவிடாமல், புதிய எண்ணை அதன் பின்புறம் எழுதுங்கள்.