தோலைப் பார்ப்பவர்கள் மூட்டையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான மூட்டுவலி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வயது, உடல் எடை, எலும்புத் தேய்மானம், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று காரணங்களை விளக்கியிருந்தீர்கள். தோலோடு மூட்டையும் தாக்கக்கூடிய சொரியாசிஸ் என்ற நோயின் பெயர் எங்காவது வருகிறதா என்று வரி வரியாகத் தேடினேன். வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு சொல் என் கண்ணில் பட்டிருந்தால், இன்று என் வலது கை நடுவிரல் மடங்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுத் தொழில். அதில் பதினான்கு ஆண்டுகளாகச் சொரியாசிஸும் கூடவே இருக்கிறது. இரண்டு முழங்கைகளிலும் பின்தலையிலும் வெள்ளைச் செதில் செதிலாக உதிரும். இது தொற்றாது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் நான்கைந்து நாட்களிலேயே வளர்ந்து குவிந்துவிடுகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் எங்கே விளக்குவது? கறுப்பு பேன்ட் துணியில் ஒரு செதில் விழுந்தால் போதும். ரவிக்கை தைக்க வந்த ஓர் அம்மா என் முழங்கையைப் பார்த்ததும், மேசைமேல் வைத்த அளவு ரவிக்கையை இரண்டு விரலால் தூக்கி எடுத்துக்கொண்டு, "அவசரமில்லை அண்ணா, அப்புறம் தருகிறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கை சட்டைதான் போட்டேன்.

தீபாவளித் துணி மலையாகக் குவிந்திருந்த ஐப்பசி மாதத்தில் நடுவிரல் வீங்கியது. கணு மட்டும் வீங்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, ஏலக்கி வாழைப்பழம்போல் திரண்டுவிட்டது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. அந்தத் தீபாவளிக்கு வெட்டும் வேலை முழுவதையும் கடைப் பையன்தான் செய்தான். சில வாரங்களில் குதிகாலின் பின்புறம் பிடித்துக்கொண்டது. மிஷினை மிதிக்க மிதிக்க முதலில் உயிர் போகும், பிறகு மெல்ல இளகும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மரக்கட்டை. சட்டைப் பொத்தானை என் மனைவி போட்டுவிட வேண்டியிருந்தது. வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்திருந்ததில் கெண்டைக்கால் தசையும் முன்கைத் தசையும் வற்றிப்போயின.

எங்கள் மாவட்டத்தில் மூட்டுவலி என்றால் முதலில் எல்லோரும் கை நீட்டுவது தண்ணீரைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடும், இறுகிப்போன முதுகோடும் வாழ்ந்து முடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் தந்தையும் அவர்களில் ஒருவர். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. ஆனால் வலிக்கு இப்படி ஒரு காரணம் கைவசம் தயாராக இருப்பதால், வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை. வீட்டிலும் தண்ணீர் என்றார்கள், நான் முதலில் போன இடத்திலும் தண்ணீர் என்றார்கள். அடுத்த இடத்தில் சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இரத்தத்தில் யூரிக் ஆசிட் (கூடினால் மூட்டில் படிந்து வலி தரும் கழிவு) சற்றுக் கூடுதலாக இருந்ததைப் பார்த்து, எட்டு மாதம் அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யூரிக் ஆசிட் கூடுவது உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரத்தத்தில் மூட்டு வாதச் சோதனையும் செய்தார்கள். நெகட்டிவ் என்று வந்தது. "உங்களுக்கு வாதம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சொரியாசிஸால் வரும் மூட்டு வாதத்தில் அந்தச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். இதை ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. இத்தனை இடங்களுக்கும் நான் முழுக்கை சட்டையோடுதான் போனேன். விரலைக் காட்டினேன், குதிகாலைக் காட்டினேன். முழங்கையைக் காட்டவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தோலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் விரலைப் பற்றிச் சொல்லவில்லை. தோல் ஒரு நோய், மூட்டு இன்னொரு நோய் என்றே நம்பியிருந்தேன்.

நடுவில் ஒரு தவறும் செய்தேன். உறவினர் ஒருவர் சொன்னார் என்று, பெயரில்லாப் பொட்டலத்தில் விற்ற பொடியை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, செதிலும் குறைந்தது. கையில் பணம் இல்லாமல் இரண்டு மாதம் கழித்து நிறுத்தியபோது, உடம்பு முழுவதும் நெருப்பாய்ச் சிவந்து தோல் உரியத் தொடங்கியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டை விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் இப்படிச் சீறிக்கொண்டு திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். வெட்பாலைத் தைலம் தடவுகிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன், நானும் தடவியவன்தான். ஆனால் தோலில் தடவுவது எதுவும் மூட்டுக்குள் நடப்பதை நிறுத்தாது. பெயர் தெரியாத பொடியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

அப்படிச் சிவந்து கிடந்தபோதுதான் தோல் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் என் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். துணி தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் ஓர் உலோகத் தொப்பி மாட்டிக்கொள்வோம். அதன்மேல் பொடிப்பொடியாகக் குழி இருக்கும். அதே மாதிரிக் குழிகள் என் நகங்களில் இருந்தன. ஊசி பட்ட தழும்பு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காலையில் எழுந்ததும் கை எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கும்?" ஒரு மணி நேரம் என்றேன். எக்ஸ்ரே எடுத்ததில் நடுவிரலின் நுனி மூட்டில் எலும்பு அரித்துப்போயிருந்தது. அரித்தது அரித்ததுதான், திரும்ப வளராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மூட்டு வாத நோய்க்கென்றே படித்த சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எலும்பு முறிவுக்குப் பார்க்கும் மருத்துவர் வேறு, இவர் வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அங்கே கேட்டறிந்ததையும் பிறகு படித்ததையும் சொல்கிறேன். சொரியாசிஸ் உள்ள 100 பேரில் 30 பேர் வரை மூட்டு பாதிக்கப்படலாம். பெரும்பாலும் தோலில் வந்து பத்து ஆண்டுகள் போல ஆன பிறகே மூட்டுக்கு வரும். சிலருக்கு மூட்டில் முதலில் வந்து, தோலில் பிறகு தெரியும். உடம்பெல்லாம் படை இருந்தால்தான் வரும் என்பதில்லை. தலையிலும் நகத்திலும் மட்டும் இருக்கிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். தசைநாண் எலும்பில் போய் ஒட்டும் இடங்களைத்தான் இது குறிவைக்கிறது. குதிகால் வலிப்பது அதனால்தான். தேய்மானத்தால் வரும் வலி வேலை செய்யச் செய்யக் கூடும். இந்த வலி ஓய்வில் கூடும், வேலை செய்யச் செய்யக் குறையும். சிலருக்கு முதுகெலும்பின் அடியில் விடியற்காலையில் வலித்து எழுப்பும், சிலருக்குக் கண் சிவந்து கூசும். கண்டுபிடிக்க ஆறு மாதம் தாமதித்தாலே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டரை ஆண்டு போயிற்று.

இப்போது அந்த எதிர்ப்பாற்றலின் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இந்த மாத்திரை. தினமும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தவறாக நினைத்து விழுங்கினால் உயிரையே எடுத்துவிடும். அதனால் துணியில் கோடு போடும் சாக்பீஸால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். விழுங்கியதும் அந்த வட்டத்தை அடித்துவிடுவேன். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை. குறித்த இடைவெளியில் இரத்தம், கல்லீரல் சோதனை. மது கூடாது. கருவுற்றிருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. இதற்கு அடங்காதவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன. போடுவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு இதுவரை மாத்திரையே போதுமாக இருக்கிறது. குதிகால் வலி போய்விட்டது. மிஷின் மிதிக்கிறேன்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். வீடு தேடி வந்து நோய் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதே எங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் சகோதரி என் கடையில் உட்கார்ந்துதான் தெருக்காரர்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார். "கையை நீட்டுங்கள் அண்ணா, சட்டையை நன்றாக மேலே ஏற்றிவிடுங்கள்" என்பார். நான் யாருக்கும் காட்டாத முழங்கை அவர் கண்ணெதிரே இருந்தது. மாதா மாதம் இருந்தது. அவரும் பார்த்தார், முகம் சுளிக்காமல் பட்டையைச் சுற்றினார். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்தச் சகோதரிகளுக்கு மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் கை கால் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா? விரல் முழுவதுமாக எப்போதாவது வீங்கியதா? குதிகால் வலிக்கிறதா? செதில் உள்ளவர் இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் சீட்டு எழுதி அனுப்பிவிடலாம். இதற்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-இல் திறந்தார்கள். இரண்டு இடத்திலும் வாரம் ஒரு நாள் தோல் மருத்துவரும் மூட்டு வாத மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்க வழி செய்தால், அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு நோய்க்கு இரண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

உங்களிடம் கேட்பது இதுதான். அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அன்றாவது மருத்துவப் பக்கத்தில் இந்த மூட்டு வாதத்தைப் பற்றிப் படத்தோடு எழுதுங்கள். படம் தேவைப்பட்டால் என் விரலையும் நகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும். இப்போது அரைக்கை சட்டைதான் போடுகிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.