தெளிந்த தண்ணீரை நம்பாதே

அன்புள்ள சேகருக்கு,

ஆஸ்டினில் வீடு பிடித்தாயிற்று, தூண்டில் பெட்டியையும் பிரித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஒயிட் பாஸ் என்கிற நன்னீர் மீன் நிறைய கிடைக்கிற, தண்ணீரும் சுத்தமாக இருக்கிற ஏரி எது என்று கேட்டிருக்கிறாய். பெயரைச் சொல்வது ஒரு வரி வேலை. ஆனால் பிப்ரவரியில் நன்றாக இருக்கிற ஏரி ஆகஸ்டில் அப்படி இருப்பதில்லை. அதனால் பார்க்கிற விதத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் புக்கானன் ஏரி. காரணம் ஏரி அல்ல, அதற்கு மேலே ஓடிவருகிற, டெக்சாஸின் கொலராடோ ஆறு. ஒயிட் பாஸ் கூடு கட்டாது. ஓடுகிற ஆழமில்லாத தண்ணீரில், கூழாங்கல்லின் மேல் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை கல்லில் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நாளில் பொரிந்துவிடும். அதற்குள் மேலே வண்டல் படிந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே ஏரியைத் தேடுவதற்கு முன் ஆற்றைத் தேடு. அடியில் சரளைக் கல் இருக்கிறதா என்று பார். கொலராடோ பெண்ட் மாநிலப் பூங்கா அதற்குத் தோதான இடம். டெக்சாஸின் ஒயிட் பாஸ் சாதனை மீனும், 5.56 பவுண்டு, 1977இல் கொலராடோ ஆற்றில்தான் பிடிபட்டது. இன்னொன்று வேண்டுமென்றால் கிரேஞ்சர் ஏரிக்கு மேலே சான் கேப்ரியல் ஆறு. அங்கே ஏரித் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதற்காக ஒதுக்கிவிடாதே.

தண்ணீர் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதும் ஆண் மீன்கள் முதலில் ஏரியிலிருந்து ஆற்றில் ஏறும், பெண் மீன்கள் பின்னால் வரும். அந்தப் பக்கத்தில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை. கிளம்புவதற்கு முன் யுஎஸ்ஜிஎஸ் என்கிற அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை தருகிற ஆற்று நீரோட்ட அளவைப் பார். மழை பெய்து ஆறு காபி நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தால் வீட்டிலேயே இரு. இந்த மீன் கண்ணால் இரை தேடுவது. வெள்ளம் இறங்கத் தொடங்கி, தண்ணீர் பச்சைக்குத் திரும்புகிற நாளில் போ. கால் அவுன்ஸுக்குக் குறைந்த வெள்ளை ஜிக் (ஈயத் தலை வைத்த செயற்கை இரை) போதும். மழையே இல்லாத வருஷத்தில் மீன் மேலே ஏறாமல் ஆறு ஏரியில் கலக்கிற முகத்திலேயே நின்றுவிடும். அங்கே தேடு.

இனி கோடைக்காலத்துக்கு வருகிறேன். அப்போதுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 59 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 86 டிகிரியில் ஏழரைதான். சூடான தண்ணீர் மேலே மிதக்க, குளிர்ந்தது கீழே தங்கிவிடும், இரண்டும் கலக்காது. செத்த பாசி கீழே போய் மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேலே கொதிக்கிறது, கீழே மூச்சில்லை. மீன் நடுவில் மாட்டிக்கொள்ளும். சூடான தண்ணீரும் குளிர்ந்ததும் சந்திக்கிற அந்த எல்லை எத்தனை அடியில் என்று தெரிந்துவிட்டால் மீன் இருக்கிற இடமும் தெரிந்ததுபோல. படகிலுள்ள சோனாரில் (ஒலியால் மீனையும் ஆழத்தையும் காட்டுகிற கருவி) சென்சிடிவிட்டியைக் கூட்டினால் புகைபோல ஒரு கோடு தெரியும், அதுதான். ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக இரை) அதற்குக் கீழே விடுவது வீண்.

ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கிவிடு. கேபிளில் ஐந்தடிக்கு ஒரு குறி போடு. அளப்பதற்கு முன் மூடிக்குள் ஈரப் பஞ்சை வைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு 100 சதவீதத்துக்குச் சரிசெய். சவ்வு வைத்த பழைய வகை என்றால் முனையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்கிற சாதி. ஆட்டாவிட்டால் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். ஆப்டிகல் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்ல தண்ணீர், 3க்குக் கீழே இருந்தால் அந்த ஆழத்தை மற. முக்கியமாக, விடியற்காலையில் அள. பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். பிற்பகல் மூன்று மணிக்கு 9 காட்டுகிற பாசிக் குட்டை விடிகாலையில் 2 காட்டலாம்.

தெளிவைப் பற்றி ஒன்று. கண்ணாடிபோல இருந்தால் சுத்தம் என்று நினைக்காதே. டெக்சாஸில் ஜீப்ரா சிப்பி, வெளியிலிருந்து வந்து பரவுகிற சின்னச் சிப்பி, முதலில் டெக்சோமா ஏரியில் 2009இல் வந்தது, ட்ராவிஸ் ஏரியில் 2017இல். அது தண்ணீரை வடிகட்டித் தெளியவைக்கும். ஒயிட் பாஸுக்கு இரையாகிற ஷாட் என்கிற சிறு மீனின் குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிரையும் சேர்த்தே வடிகட்டிவிடும். ஷாட் குறைந்தால் ஒயிட் பாஸும் குறையும். இளம்பச்சையாக, உள்ளே இறக்கிய வெள்ளைத் தட்டு இரண்டு மூன்று அடிவரை தெரிகிற தண்ணீர்தான் எனக்குப் பிடித்தது. சிப்பி பரவாமலிருக்க, படகை எடுக்கும்போது அதிலுள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடு, அது சட்டம்.

கரையில் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் ஒரு குச்சியை விட்டு எடு. முடிபோல இழையாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்ட் மாதிரி பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கையை வைக்காதே, நாயையும் விடாதே. 2019இல் உங்கள் ஊர் லேடி பேர்ட் ஏரியில் நாய்கள் செத்தது இதன் நஞ்சால்தான். பிராசோஸ் ஆற்று ஏரிகளுக்குப் போனால் கவலை வேறு, பொன்பாசி (கோல்டன் ஆல்கா), மீனைக் கொல்கிற நுண்பாசி. உப்பேறிய தண்ணீரில், குளிர்காலத்தில் பெருகும். தண்ணீர் தேநீர் நிறமாகி, கரையோரம் நுரை தள்ளி, மீனின் செவுளில் ரத்தம் கசிந்தால் திரும்பி வந்துவிடு.

சமைப்பதற்கு முன் மாநிலச் சுகாதாரத் துறையின் மீன் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்துக்கொள். பாதரசமும் பிசிபி என்கிற தொழிற்சாலை நச்சு வேதிப்பொருளும் தண்ணீரின் நிறத்தில் தெரியாது. பத்து அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிடு, ஒரு நாளைக்கு 25 மீன்வரைதான். ஹைப்ரிட் மீன் (ஒயிட் பாஸும் ஸ்ட்ரைப்ட் பாஸும் கலந்த இனம்) என்றால் 18 அங்குலம், ஐந்துதான். நாக்கைத் தடவிப் பார். பல் திட்டு ஒன்று என்றால் ஒயிட் பாஸ், இரண்டு என்றால் மற்றது. பிடித்தவுடன் ஐஸில் போடு. தோலை உரித்ததும் நடுவில் ஓடுகிற சிவப்புச் சதையைச் சீவி எறி. கவுச்சி முழுக்க அங்கேதான். அதை எடுத்துவிட்டால் மிளகாய்த் தூள் தடவிய வறுவலுக்கு வஞ்சிரத்தைத் தேட மாட்டாய். குழம்புக்கு மட்டும் போடாதே, உதிர்ந்துவிடும்.

மார்ச்சில் கொலராடோ ஆற்றின் சான் சாபா நீர் அளவுமானியின் எண் இறங்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு வரி போடு. ஜிக் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராமு