கத்தியை எடுக்காத டாக்டருக்கும் நன்றி

எங்கள் ஒன்பது வயது மகள் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கிளம்பும் அன்று நன்றி சொல்லப் போனேன். அழுகை வந்ததே தவிர பேச்சு வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

இரண்டு வருடமாக அவளுக்கு விட்டுவிட்டு வயிற்றுவலி. பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கு மட்டம் போடச் சாக்கு என்று நானே ஒருமுறை திட்டியிருக்கிறேன். அன்றிரவு பச்சை பச்சையாக வாந்தி எடுத்ததும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம்.

ஊசி போட வந்த நர்ஸ் அவள் உதட்டையே பார்த்தார். "இந்தக் கரும்புள்ளி எப்போதிருந்து இருக்கிறது?" பேனா மை என்று நாங்கள் கேலி செய்துவந்த புள்ளிகள் அவை. சகோதரி, நீங்கள் அதை டாக்டரிடம் போய்ச் சொன்னதால்தான் உதட்டில் புள்ளியும் குடலில் கட்டிகளும் வரவைக்கும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோயின் பெயர் அன்றே எங்கள் காதில் விழுந்தது. ஸ்கேனில் வளையத்துக்குள் வளையம். சிறுகுடலில் வளர்ந்திருந்த பாலிப் என்ற சதைக்கட்டி, தான் ஒட்டியிருந்த குடலையும் இழுத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் செருகி, வழியை அடைத்திருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் ஐயாவுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். "இது திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஒவ்வொரு முறையும் வயிற்றைத் திறந்தால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. குடல் கெட்டிருந்தால் நானே உடனே திறந்திருப்பேன். முதலில் எண்டோஸ்கோபியில் முயலட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். சொன்னபடி முடியும்வரை நின்றார். கத்தியை எடுக்கவில்லை.

எண்டோஸ்கோபி டாக்டர் அம்மா, நீங்கள் தாளில் வரைந்து காட்டியதை இன்னும் வைத்திருக்கிறேன். குழாயில் ஒன்று, அதன் மேலுறையில் ஒன்று என இரண்டு பலூன்கள். மாற்றி மாற்றி ஊதி, பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி சுருங்கி ஏறுவதுபோல் குடலைச் சுருக்கிக்கொண்டே உள்ளே போகலாம் என்றீர்கள். ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ 2001இல் வெளியிட்ட முறையாம். அவருக்கும் ஒரு கும்பிடு.

பாலிப்பின் காம்பில் ஊசி போட்டு, கம்பிச் சுருக்கை மாட்டி, மின்சாரத்தால் அறுத்து, ரத்தம் கசியாமல் கிளிப் வைத்தீர்கள். 3 செ.மீ. இருந்தது. செருகலும் விலகிவிட்டது. அடுத்து அடைக்கக் காத்திருந்த இன்னும் இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டீர்கள். குடலில் ஓட்டை விழலாம் என்ற அபாயத்தையும் முன்பே மறைக்காமல் சொன்னீர்கள். அதனால்தான் தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன்.

மயக்க மருந்து டாக்டருக்கும், இரவெல்லாம் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த வார்டு ஊழியர்களுக்கும் நன்றி.

அப்புறம், எண்டோஸ்கோபி டாக்டர் அம்மா, "நீங்களும் வாயைத் திறங்கள்" என்றீர்களே, அதற்கும் நன்றி. உதட்டுப் புள்ளி வயதானால் மங்கிவிடுமாம், கன்னத்தின் உட்புறம் இருப்பது போகாதாம். எனக்கு அங்கே நான்கு இருந்தன. அடுத்த மாதம் எனக்குச் சோதனை. "தூங்கிடுவேம்மா, ஒண்ணும் தெரியாது" என்று மகள் இப்போதே தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்