தள்ளியதும் சேர்ந்ததும்: இன்சுலின் பம்ப் வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

இன்சுலின் பம்புகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றைச் சோதித்து ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் முதல் வகை நீரிழிவு உள்ளவள். 16 ஆண்டுகள் நாளொன்றுக்கு நான்கைந்து ஊசிகள் போட்டுக்கொண்டு வாழ்ந்தேன்; கடந்த 9 ஆண்டுகளாக, தோலுக்கடியில் இன்சுலினை நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிறு கருவியான பம்ப் அணிந்திருக்கிறேன். பம்பு வந்த பிறகு என் நாட்கள் எளிதாயின என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பழையபடி ஊசிக்கே திரும்பச் சொன்னால் திரும்ப மாட்டேன். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். ஆனால், உங்கள் கருவியின் திரையில் ஒரு நாளைக்குப் பல முறை தோன்றும் ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். "செலுத்தப்பட்டது" என்பதே அந்தச் சொல்.

உணவுக்கு முன் தட்டிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு, 6 யூனிட் என்று அழுத்துகிறேன். மோட்டார் மெல்ல முனகுகிறது. சில நிமிடங்களில் 6 யூனிட் செலுத்தப்பட்டது என்று திரை அறிவிக்கிறது. அந்த நேரத்தில் பம்புக்கு உண்மையாகவே தெரிந்தது என்ன? இன்சுலின் நிரப்பிய குப்பியான கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் தண்டு 6 யூனிட் அளவுக்கு, அதாவது 0.06 மில்லிலிட்டர் அளவுக்கு, முன்னால் நகர்ந்திருக்கிறது என்பது மட்டுமே. அப்படித் தள்ளப்பட்ட இன்சுலின் ட்யூபைக் கடந்து, தோலுக்குள் செருகியிருக்கும் சிறு குழலான கானுலா வழியாகத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் இறங்கியதா, ட்யூபில் நின்றிருந்த காற்றுக் குமிழிதான் இறங்கியதா, அல்லது ஒட்டுப்பட்டைக்கு அடியில் கசிந்து உடையை நனைத்ததா என்பதைப் பம்பு அறியாது. குளிப்பதற்காகக் கழற்றி அலமாரியில் வைத்த பம்பை நிறுத்திவைக்க மறந்துவிட்டால், அது அங்கேயும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ட்யூபின் நுனியிலிருந்து துளித்துளியாகச் சொட்டுவதையும் என் உடலுக்குள் போன கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும்.

ஓர் இரவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்தும் கருவியின் பெயரை எழுதவில்லை. ஏனென்றால் இந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. அன்று இரவு 10 மணிக்கு, மூன்று நாட்களுக்கொருமுறை செய்வதுபோல், கார்ட்ரிட்ஜை நிரப்பி, குமிழிகளைத் தட்டி வெளியேற்றி, வயிற்றின் இடப்பக்கத்தில் புதிய கானுலாவைப் பொருத்திக்கொண்டு படுத்தேன். பின்னிரவு 2.40-க்கு அலாரம் எழுப்பியது. சர்க்கரை 290. அரைத் தூக்கத்தில், பம்பு கணக்கிட்டுக் காட்டிய 3.4 யூனிட்டை ஒப்புக்கொண்டு அழுத்தினேன். செலுத்தப்பட்டது என்றது. அந்தச் சொல்லை நம்பித் தூங்கிவிட்டேன்.

4.30-க்கு நாக்கு வறண்டு, குமட்டலோடு விழித்தேன். சர்க்கரை 380. மறுபடியும் கணக்குப் போடச் சொன்னபோது பம்பு சொன்னது இதுதான்: தேவையான அளவு 5.2 யூனிட், முன்பு போட்டதில் 1.9 யூனிட் இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆகவே 3.3 போதும். அந்த 1.9 யூனிட் என் உடலில் இல்லை, என் இரவு உடையில் இருந்தது. வயிற்றைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. இன்சுலின் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் மெட்டாகிரெசாலின் வாடை, புதிதாகப் பிரித்த மருத்துவப் பட்டையின் வாடையை ஒத்தது. அந்த வாடையைப் பம்பு அணிந்த எவரும் ஒருமுறை முகர்ந்தால் பிறகு மறக்க மாட்டார்கள். ஒட்டுப்பட்டையை உரித்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மென்மையான டெஃப்லான் குழல் தோலுக்குள் இறங்காமல், "ட" என்ற எழுத்தைப் போல மடங்கிக் கிடந்தது.

இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் இரத்தத்தில் சேரும் கீட்டோனை விரலில் குத்திப் பார்த்தேன், 1.8-க்கு ஏறியிருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சிரிஞ்சை எடுத்து ஊசியாகவே போட்டுக்கொண்டு, வேறிடத்தில் புதிய கானுலாவைப் பொருத்தி, தண்ணீர் குடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனைக்குப் போக நேரவில்லை. ஆனால் 16 ஆண்டு ஊசி வாழ்க்கையில் கற்றது கைகொடுத்ததால்தான் நேரவில்லை. நோய் கண்டறியப்பட்ட உடனேயே பம்பு அணியத் தொடங்குவோர் இன்று பலர். திரை சொல்வதை நம்பக்கூடாத நேரமும் உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

பம்பு அணியாதவர்கள் இதைப் படித்தால், சில மணி நேரம் இன்சுலின் போகாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஊசி போட்டுக்கொள்பவரின் உடலில், ஒரு நாள் முழுவதும் மெல்லக் கரையும் நீண்டநேர இன்சுலின் கையிருப்பாக இருக்கும். பம்பில் அது கிடையாது. பம்பில் நிரப்பப்படுவது விரைவாக வேலை செய்யும் வகை மட்டுமே. கால் மணி நேரத்தில் செயல்படத் தொடங்கி நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அந்த இன்சுலினைத்தான் சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் பெற்று நாங்கள் வாழ்கிறோம். வரத்து நின்றால் சேமிப்பு என்று எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் இரத்தம் அமிலமாகிக் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடும். எனவே பம்பு அணிந்தவருக்கு, இன்சுலின் சேர்ந்ததா என்ற கேள்வி நாளைக்குப் பார்த்துக்கொள்ளும் கேள்வியன்று.

அடைப்பு ஏற்பட்டால் அலாரம் வருமே என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். வரும், ஆனால் எப்போது வரும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ட்யூபுக்குள் அழுத்தம் ஓர் அளவுக்கு உயர்ந்தால்தான் அடைப்பு என்று பம்பு உணர்கிறது. அந்த அழுத்தம் உயர்வதற்குப் போகாத இன்சுலின் உள்ளே தேங்க வேண்டும். மணிக்கு 0.2 யூனிட் பெறும் ஒரு சிறு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அலாரம் ஒலிக்க 2 யூனிட் தேங்க வேண்டுமென்றால், அதற்கு 10 மணி நேரம் ஆகும். என் கதையில் அந்த அலாரமும் வரவில்லை. மடங்கிய குழலைச் சுற்றி இன்சுலின் வெளியே கசிந்துகொண்டிருந்ததால் அழுத்தமே உயரவில்லை. கசிவைக் கண்டறிய இன்றைய பம்பில் வழியில்லை.

இந்தக் கருவி கடந்துவந்த தொலைவை நான் மறக்கவில்லை. 1960-களில் ஆர்னால்ட் கடிஷ் உருவாக்கிய முன்மாதிரியை முதுகில் மூட்டைபோலச் சுமக்க வேண்டியிருந்தது. 1978-இல் லண்டனில் ஜான் பிக்கப், ஹாரி கீன் ஆகியோரின் குழு, தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் முறையை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியது. இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் பம்பு, சில வகைகளில் 0.025 யூனிட் வரை, அதாவது ஒரு யூனிட்டை நாற்பது பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை, அளந்து தள்ளுகிறது. ஆனால் அன்று முதல் இன்று வரை வளர்ந்த நுட்பமெல்லாம் பெரும்பாலும் தள்ளும் முனையிலேயே வளர்ந்திருக்கிறது. பெறும் முனையில், 6 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழலும் ஒரு ஒட்டுப்பட்டையும் எங்கள் அதிர்ஷ்டமும்தான் இருக்கின்றன. கதவின் கைப்பிடியில் ட்யூப் மாட்டி இழுபடுவது எங்களுக்கு வாடிக்கை. இழுபட்ட அந்த நொடியில் கானுலா அரை மில்லிமீட்டர் வெளியே வந்ததா என்பதை அடுத்த மூன்று மணி நேரச் சர்க்கரை அளவைப் பார்த்துத்தான் ஊகிக்கிறோம். ஆண்டுக்கணக்கில் ஒரே இடங்களில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டித் தடித்துப்போன பகுதியிலும் இதே நிலைதான். அங்கே இன்சுலின் போய்ச் சேர்ந்தாலும், சரியாக உறிஞ்சப்படுவதில்லை.

பொய்யான அந்தக் கணக்கு ஓர் இரவோடு முடிவதுமில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது, பம்பின் பதிவுகளைக் கணினியில் இறக்கிப் பார்த்த அவர், அந்த இரவில் தொடர்ந்து சொட்டும் அடிப்படை அளவும் ஏறிய சர்க்கரையை இறக்க நான் அழுத்திய திருத்தமும் சேர்த்து ஏறக்குறைய 8 யூனிட் போயும் சர்க்கரை ஏறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, அதிகாலை அளவை உயர்த்தலாமா என்று கேட்டார். அவர்மீது பிழையில்லை, பதிவு அப்படித்தான் சொன்னது. நான் நடந்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால், அளவு உயர்ந்திருக்கும், கானுலா சரியாக இருக்கும் இரவுகளில் சர்க்கரை தாழ்ந்திருக்கும். உடலில் ஒட்டியிருந்து சர்க்கரையை அளக்கும் சென்சாரின் அளவைப் பார்த்துத் தானாகவே இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் புதிய கருவிகளும் இதே கணக்கை நம்பித்தான் முடிவெடுக்கின்றன. உடலில் இல்லாத இன்சுலினை இருப்பதாக எண்ணிக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும் ஆபத்து அங்கே இன்னும் கூடுதல்.

அலாரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரி குறைகிறது, கார்ட்ரிட்ஜில் 20 யூனிட்தான் மிச்சம், சென்சாரின் சிக்னல் விட்டுப்போனது, ட்யூபும் கானுலாவும் சேர்ந்த செட்டை மாற்ற நாளாகிவிட்டது, சர்க்கரை ஏறுகிறது என எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஒலிதான் என் பம்பில். முதல் ஆண்டில் ஒவ்வோர் ஒலிக்கும் துள்ளி எழுந்த என் கணவர் இப்போது புரண்டு படுக்கிறார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். காலைவரை பொறுக்கக்கூடியதையும் பொறுக்கக்கூடாததையும் ஒரே குரலில் சொன்னால் காது அப்படித்தான் பழகும்.

இனி உங்களிடம் நான் கேட்பவை. முதலில் அந்தச் சொல்லை மாற்றுங்கள். "தள்ளப்பட்டது" என்றோ "அனுப்பப்பட்டது" என்றோ திரையில் எழுதுங்கள், அது உண்மை. இதற்குப் புதிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு மென்பொருள் புதுப்பிப்பு போதும். அடுத்து, ஒரு பொத்தான் வேண்டும். கானுலா மடங்கியதை நான் கண்ணால் கண்ட பிறகு, "இந்த அளவு உடலில் சேரவில்லை" என்று குறித்து, அதை உடலில் இருப்பதாகக் காட்டும் கணக்கிலிருந்து நீக்க எனக்கு வழி இருக்க வேண்டும். நான் பயன்படுத்திய எந்தப் பம்பிலும் அப்படியொரு வழி இல்லை. தவறாக நீக்கிவிட்டால் இன்சுலின் கூடிப்போகும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். நியாயமான அச்சம்தான், இரண்டு முறை கேட்டு உறுதிசெய்யுங்கள், நீக்கியதை மருத்துவர் பார்க்கும்படி பதிவில் வையுங்கள். ஆனால் என் உடலைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மையை ஏற்க மறுக்கும் கருவியோடு பின்னிரவில் வாதாட என்னை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது கோரிக்கைதான் எனக்கு மிகவும் முக்கியமானது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவு பம்புக்கே வந்து சேர்கிறது. புதிய செட் எப்போது மாற்றப்பட்டது என்பதும் அதற்குத் தெரியும். மாற்றிய சில மணி நேரத்துக்குள் சர்க்கரை ஏறி, திருத்த அளவு கொடுத்தும் ஒன்றரை மணி நேரம் இறங்காமல் இருந்தால், மேலும் எத்தனை யூனிட் வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், "கானுலாவைப் பாருங்கள், கீட்டோன் பாருங்கள், சிரிஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அது சொல்ல வேண்டும். அதையும் மற்ற எந்த அலாரத்துக்கும் இல்லாத, அதற்கே உரிய ஒலியில் சொல்ல வேண்டும். நெடுநேரம் உச்ச அளவில் கொடுத்தும் சர்க்கரை குறையாதபோது எச்சரிக்கும் கருவிகள் சில வந்திருக்கின்றன. அந்த அடியை எடுத்து வைத்தவர்கள் நின்றுவிடாமல் தொடர வேண்டும். ஒட்டுப்பட்டையில் குழல் இறங்கும் இடத்தைப் பார்க்க ஒளிபுகும் சாளரமும் எல்லா வகைகளிலும் இருக்க வேண்டும். மடங்காத எஃகு ஊசி உண்டே என்பீர்கள். அதை இரண்டு நாட்களுக்கொருமுறை மாற்ற வேண்டும், எல்லோர் உடலும் அதைத் தாங்குவதில்லை.

ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். தள்ளும் அளவு எவ்வளவு துல்லியம் என்று மேசைமீது வைத்துச் சோதிப்பதோடு நிறுத்தாமல், கசிந்தால் என்ன சொல்கிறது, மடங்கினால் எத்தனை மணி நேரம் கழித்துச் சொல்கிறது, குழந்தைகளுக்குரிய குறைந்த அளவில் அந்த நேரம் எவ்வளவு நீள்கிறது என்பவற்றையும் அளந்து, பம்பைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் படிக்கும்படி பெட்டியின்மீதே அச்சிடச் செய்யுங்கள்.

பம்பு அணியப் பழகுவோருக்கு முதல் சில நாட்கள் இன்சுலினுக்குப் பதில் உப்புநீரை நிரப்பிக் கொடுப்பதுண்டு. பொறியாளர்களே, நீங்களும் அப்படி இரண்டு வாரம் அணிந்து பாருங்கள். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள், குழந்தையைத் தூக்குங்கள், இரவு 10 மணிக்குச் செட்டை மாற்றிவிட்டுப் படுங்கள். மூன்றாம் நாள் ஒட்டுப்பட்டையை உரிக்கும்போது அதன் அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா, குழல் நேராக வந்ததா அல்லது மடங்கி வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த மூன்று நாட்களில் எத்தனை யூனிட் செலுத்தப்பட்டதாகத் திரை சொன்னது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி, உங்கள் அடுத்த வடிவமைப்புக் கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
9 ஆண்டுகளாகப் பம்பு அணிந்து வாழும் ஒருத்தி