பேராசைன்னு யாரைச் சொல்றீங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

நிதி நிறுவனத்துல பணம் போட்டு ஏமாந்தவங்க செய்திக்கு மறுபடியும் "பேராசை பெருநஷ்டம்"னு தலைப்பு போட்டிருக்கீங்க. மோனை நல்லாத்தான் விழுது, ஆனா திட்டு யாருக்கு விழுதுன்னு பாத்தீங்களா? உள்ள படிச்சா பணத்த சுருட்டுனவன் "ஆசை வார்த்தை கூறி" வாங்கிட்டு "தலைமறைவு" ஆயிட்டானாம். அவனுக்கு வெறும் ஆசை வார்த்தை, பறிகொடுத்தவங்களுக்குப் பேராசையா, என்ன சார் நியாயம் இது.

எங்க மஞ்சக்குப்பத்துல இட்லி வித்து சேத்த காச இப்படி ஒரு கம்பெனில போட்ட அக்கா ஒருத்தங்க இருக்காங்க, பேங்க் வட்டிய விட கூட வரும், பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு போட்டாங்க, அது ஆசை இல்லன்னு நான் சொல்ல வரல, ஆனா அவங்க ஆசைப்பட்டது அவங்க காசு கொஞ்சம் வளரணும்னுதானே, அடுத்தவன் காச இல்லையே.

திருவள்ளுவர் இத ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காரு. 18வது அதிகாரம் வெஃகாமை, அடுத்தவன் பொருள அமுக்க நினைக்காதேங்குறது, அது இல்லறத்துல இருக்கறவனுக்கு. எந்த ஆசையும் வேணாம்னு சொல்ற அவாவறுத்தல் 37வது அதிகாரம், அது துறவறவியல்ல வருது. நாம என்னடான்னா இட்லிக்கார அக்காவப் போயி துறவி கணக்கா இருக்கச் சொல்றோம், வெஃகுனவன "பைனான்ஸ் அதிபர்"னு எழுதுறோம் (அதிபராம்!).

இன்னொண்ணும் சொல்லணும். இந்த "பொசசிவ்"ங்குற வார்த்த. "அவன் என்மேல ரொம்ப பொசசிவ்"னு பொண்ணுங்களே பெருமையா சொல்லுதுங்க, போன வாங்கிப் பாக்கறது, யார்கிட்ட பேசினன்னு நோண்டறது, இதுக்கு நம்ம வீட்டுப் பெரியவங்க சந்தேகப் புத்தின்னு பட்டுனு சொல்லிடுவாங்க. அது முத்திப்போயி வேணாம்னு சொன்ன பொண்ண ஒருத்தன் வெட்டிட்டா அப்பவும் நீங்க "ஒருதலைக் காதல்"னுதான் போடுறீங்க. அதுல காதல் எங்க சார் இருக்கு?

நெலத்துக்கு நாலு காசு கூடக் கேக்குற விவசாயி, முதுநகர்ல மீன் விலையக் கொறைக்காத அம்மா, மழையில கூடக் கேக்குற ஆட்டோக்காரரு, இவங்கள நாமளும் சட்டுனு பேராசைன்னுடறோம், பிளாட் போட்டு ரெண்டு மடங்கா விக்கறவர "பிசினஸ் மைண்டு"ங்கறோம். பத்திரிகைய மட்டும் சொல்லி என்ன பண்றது.

ஆனா தலைப்புல வந்தா அதோட வெயிட்டே வேற. டெபாசிட் போட்டவங்களப் பாதுகாக்க 1997லயே டான்பிட் சட்டம் தமிழ்நாட்டுல வந்தாச்சு, அனுமதி இல்லாம டெபாசிட் வாங்குறதத் தடுக்க 2019ல மத்திய அரசு சட்டமும் இருக்கு. இருந்தும் அந்த அக்கா கம்ப்ளெயிண்ட் குடுக்க மாட்டேங்குறாங்க, கேட்டா "பேராசக்காரின்னு பேப்பர்ல போடுவாங்க தம்பி"ங்குறாங்க.

அதனால அடுத்த தடவ தலைப்ப மாத்துங்க. கூடவே ஒரு பெட்டிச் செய்தி போட்டு, ரசீது, பாண்டு பேப்பர் எல்லாம் எடுத்துகிட்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுல எப்படி புகார் குடுக்கறதுன்னு சொல்லுங்க, நானே அந்த அக்காகிட்ட படிச்சுக் காட்டுறேன்.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்