பெட்டி முதலில், தேனீ அப்புறம்

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். தேனீப் பெட்டி பாகம் பாகமாகத் தரையில் கிடக்கிறது, மாப்பிள்ளை கையில் சுத்தியல். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை ஆணி அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லு.

நீங்கள் வாங்கியிருப்பது நியூட்டன் பெட்டி, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 1910 வாக்கில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம்ம ஊர்த் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்த பெட்டி அது. பொள்ளாச்சியில் யாராவது இத்தாலியத் தேனீயின் பெரிய பெட்டியைக் காட்டி இதில்தான் தேன் அதிகம் என்று சொல்வார்கள், கேட்காதே. நம்ம பொந்துத்தேனீ, அதாவது இந்தியத் தேனீ, அதன் குடும்பம் சின்னது. பெரிய பெட்டியில் மெழுகு அடை முழுவதையும் மூடி உட்கார அதற்கு ஆள் போதாது, மூடாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டை வைத்துவிடும், அப்புறம் ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். எறும்பு, பசி, அந்துப்பூச்சி, அடிக்கடி திறந்து பார்ப்பது, எது பிடிக்காவிட்டாலும் நம்ம தேனீ கிளம்பிப் போய்விடும். நான் சொல்லப்போவது எல்லாமே அதைப் போகவிடாமல் வைப்பதற்குத்தான்.

முதலில் ஆணி, பசை இல்லாமல் பலகைகளைச் சும்மா பொருத்திப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் பெட்டி கோணல் இல்லை என்று அர்த்தம். கோணல் பெட்டியில், தேனீ அடை கட்டுவதற்குத் தொங்கவிடுகிற மரச்சட்டம் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் இடைவெளி கூடிப்போகும். இந்த இடைவெளிதான் தேனீ வளர்ப்பின் உயிர். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற இன்னொரு பாதிரியார்தான் இதைப் பயன்படுத்திச் சட்டத்தைத் தூக்கி எடுக்கிற பெட்டியைச் செய்தார். நம்ம தேனீக்கு 7 முதல் 9 மில்லிமீட்டர் வரை விட்டால் அதை நடக்கிற வழியாக வைத்துக்கொள்ளும். அதைவிடக் கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும், சட்டத்தை வெளியே எடுக்கும்போது அடை கிழிந்து புழுவும் தேனும் ஒழுகும், சில நேரம் ராணியே நசுங்கிப்போகும். அதனால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே எல்லாம் ஸ்கேல் வைத்தே பாருங்கள், கண் அளவை நம்ப வேண்டாம்.

அடிப்பலகை மேல், முட்டையும் புழுவும் வளர்கிற புழு அறை, அதில் 7 சட்டம், மேலே மூடி. தொடக்கத்துக்கு இவ்வளவுதான். பெட்டியோடு வந்த அந்த உயரம் குறைந்த தேன் அறையை இப்போது வைக்காதே, கீழே அடை நிறைந்து தேனீ பொங்கி நிற்கும்போது ஏற்றினால் போதும். பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும், வெள்ளை நிறம். உள்ளே ஒரு சொட்டுகூட வேண்டாம். அப்புறம் வாடை முழுவதும் போகும்வரை காற்றோட்டமாக வைத்திருங்கள். சட்டத்தில் அறை அச்சு பதித்த மெழுகுத்தாள் ஒட்டுவதாக இருந்தால் இந்தியத் தேனீக்கு உள்ள தாள்தானா என்று கேட்டு வாங்கு. இத்தாலியத் தேனீயின் தாளில் அறை பெரிதாக இருக்கும், நம்மது அதில் ஒழுங்காகக் கட்டாது. மேல்கட்டையில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு ஒட்டினால்கூடப் போதும், பிடித்துக்கொண்டு கட்டிவிடும்.

பெட்டி நிற்கிற கால்களுக்குக் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எறும்பு ஏறிவிட்டால் கூட்டம் தங்காது. தண்ணீர் வற்றுகிறதா என்று தினமும் பார், பெட்டியைத் தொடுகிற புல்லையும் தென்னை ஓலையையும் வெட்டிவிடு, இல்லாவிட்டால் எறும்புக்கு அதுவே பாலம். வாசல் கிழக்கே பார்க்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே நிற்காமல் வடிய முன்பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்கட்டும். பக்கத்துத் தோப்பில் மருந்து அடிப்பவர்களிடம் இப்போதே போய்ப் பேசிவை, அடிப்பதானால் சாயங்காலம் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடிக்கச் சொல்லு. இதை நீயே நேரில் போய்ச் சொன்னால்தான் நடக்கும்.

முகவலை ஒன்று, தேனீயை அமைதிப்படுத்தப் புகை விடுகிற புகைப்பான் ஒன்று வாங்கு. புகைக்குக் காய்ந்த தேங்காய்த் தொண்டே நல்லது, வெள்ளைப் புகையாக ஆறி வரவேண்டும், கைக்குச் சுட்டால் தேனீக்கும் சுடும். குயின் கேட் என்று ஒரு சின்னத் தகடு தருவார்கள். புதிதாகக் குடும்பம் வைத்ததும் அதை வாசலில் போட்டால் வேலைக்காரத் தேனீ போய்வரும், ராணி வெளியேற முடியாது. ஆனால் அதையே மறந்து விட்டுவிடக் கூடாது, ஆண் தேனீயும் உள்ளே மாட்டிக்கொண்டு சாகும். அடை கட்டத் தொடங்கி, காலில் மகரந்தத்தோடு தேனீ வர ஆரம்பித்ததும் எடுத்துவிடு. பூ குறைவான நாளில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து கொதிக்கவைத்து, ஆறிய பிறகு இருட்டும் நேரத்தில் பெட்டிக்கு உள்ளேயே வை. பகலில் வெளியே வைத்தால் அடுத்த கூட்டத்துத் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும்.

முதல் வருடம் தேன் எடுக்கலாம் என்று நினைக்காதே மக்களே. 1991, 92இல் இந்தப் பக்கம் தாய்லாந்து சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்தபோது, புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகிச் செத்து, பெரும்பாலான பெட்டிகள் காலியாகிவிட்டன. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹாட்ச் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து வளர்ந்துவந்த தேனீத் தொழில் அது. தப்பிய கூட்டங்களைக் காத்துப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். அதனால் உன் கூட்டம் முதலில் பலமாகட்டும், அது கட்டுகிற தேன் அதற்கே இருக்கட்டும்.

இங்கே ரப்பர் தளிர் விடுவதற்கு முன்னால், ஐப்பசி வாக்கில் நான் ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வைப்பேன். அப்போது முட்டை இடுகிற ராணியோடு ஒரு குடும்பம் உனக்குத் தருகிறேன், ராத்திரி வண்டியில் வாசலுக்கு வலை கட்டிக் கொண்டுவரலாம். ஆனால் என் சட்டம் உன் பெட்டியில் உட்கார வேண்டும். உன் சட்டத்தின் மேல்கட்டை நீளத்தையும் உள் அகலம், உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து இந்த வாரத்துக்குள் அனுப்பு. பொருந்தாவிட்டால் இங்கே ஆசாரியிடம் சொல்லி உன் அளவுக்கே புதுச் சட்டம் செய்து, அதில் அடை கட்டவிட்டுக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா