தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்கள் ஆமைக்கு இடம் தருவீர்களா?

செங்குன்றம், சோழவரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் தோப்பும் தோட்டமும் வைத்திருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு இடிபடப்போகிறது. பாகப்பிரிவினை முடிந்து, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட ஒப்பந்தமும் ஆகிவிட்டது. எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வீடு கிடைத்துவிடும். பின்கட்டில் வாழும் ஆமைக்குத்தான் போக்கிடம் இல்லை. காலமான என் பெரியப்பா உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாகக் கொண்டுவந்து வளர்த்தது. இப்போது வயது இருபதை ஒட்டியிருக்கும், எடை ஏறத்தாழ 40 கிலோ. ஆண் ஆமை. வீட்டில் எல்லோரும் 'பெரியவர்' என்றே கூப்பிடுகிறோம். பெரியவருக்கு உங்கள் நிலத்தில் ஓர் இடம் கேட்டே இதை எழுதுகிறேன்.

இது நம் நாட்டு ஆமை அன்று. சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை வறண்ட புல்வெளிகளில் வாழும் சல்காட்டா என்னும் இனம். பெருநிலப்பரப்பில் வாழும் தரை ஆமைகளில் இதுவே மிகப் பெரியது. இன்னும் வளரும். எழுபது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. பின்தொடைகளில் முள் முள்ளாக நிற்கும் செதில்களைப் பார்த்ததுமே இனத்தைச் சொல்லிவிடலாம்.

விஷயம் தெரிந்ததும் தெருக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோயில் குளத்தில் விட்டுவிடுங்கள் என்றார் ஒருவர். புழல் ஏரியில் விடலாமே என்றார் இன்னொருவர். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் விட்டால் கல்லைப் போல அடியில் போய் மூச்சடைத்துச் சாகும். காட்டில் விடுவதும் தீர்வு இல்லை. நம் காடுகளில் நட்சத்திர ஆமைகள் இருக்கின்றன; வெளிநாட்டு ஆமையிடமிருந்து அவற்றுக்கு நோய் தொற்றினால் யார் பொறுப்பு? வண்டலூரில் கொடுத்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். வீட்டில் வளர்க்க முடியாமல் போகிற ஒவ்வோர் உயிரையும் வாங்கி வைத்துக்கொள்ள எந்தப் பூங்காவிலும் இடம் இருக்காது. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதே வீட்டிலிருந்துதான் என் அக்காக்கள் எல்லோரும் மாலையும் கழுத்துமாகப் புறப்பட்டுப் போனார்கள். அந்தப் பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

ஆசையோடு கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் இந்த உயிருக்கு ஆசை மட்டும் போதாது. நிலம் வேண்டும், உங்களுக்குப் பின் பார்த்துக்கொள்ள வாரிசும் வேண்டும்.

நிலம் என்றால் மேட்டு நிலம். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய தாழ்வான வயல் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் ஆகாது. வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த ஆமை நிழல் தேடி ஒதுங்கிச் சமாளிக்கும். நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்தால் ஓடு அழுகும், மூக்கு ஒழுகும், நுரையீரலில் நோய் இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பின்கட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல் ஏற்றி, நான்கு பேர் தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தோம். இருட்டில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு புஸ்ஸென்று மூச்சு விட்டபடியே இருந்தது. விடிந்ததும் பெரியம்மா நீட்டிய செம்பருத்தி இலையைத் தலையைச் சாய்த்து ஓரமாகக் கடித்து இழுத்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. ஆகவே தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய, கூரை போட்ட கொட்டகை ஒன்று கட்டாயம் வேண்டும்.

சுற்றிலும் கம்பிவலை போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போக வழி இருக்கிறது என்றே அது நம்பும்; நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் தெரியாத சுவர் வேண்டும். இடுப்பு உயரம் கூடத் தேவையில்லை, ஆனால் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் வெயிலுக்குத் தப்பிக் குகை போல ஆழமாக வளை தோண்டும் இனம் இது. எங்கள் சுற்றுச்சுவரின் அடிமண்ணையே அரித்துவிட்டது. நாய்கள் அவிழ்ந்து திரியும் தோட்டமும் வேண்டாம். ஓட்டைக் கடித்துக் குதறிவிடும்.

தீனிக்குச் செலவு பெரிதாக இல்லை. புல்தான் முக்கிய உணவு. அறுகம்புல், காய்ந்த புல், செம்பருத்தி இலை, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி எல்லாம் தின்னும். சோறு, இட்லி, பால் எதுவும் கூடவே கூடாது. பழங்களும் வேண்டாம். வேலியில் அரளி இருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிட வேண்டும்; அரளி நஞ்சு. காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பைகளையும் இலை என்று நினைத்து விழுங்கிவிடும்.

வாரிசு பற்றிக் கேட்பதைத் தவறாக எண்ண வேண்டாம். இன்று ஐம்பது வயதில் ஒருவர் இதை ஏற்றுக்கொண்டால், அவருக்குப் பின்னும் இது பல்லாண்டுகள் வாழக்கூடும். என் பெரியப்பா போனபின் நாங்கள் இருந்தோம். அதனால்தான் உங்கள் மகனோ மகளோ மருமகளோ ஒருவர் நேரில் வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால், மன்னியுங்கள், கொடுக்க மாட்டேன்.

சட்டப்படியான காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன. 2020இல் மத்திய அரசு வெளிநாட்டு இன உயிர்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்கச் சொன்னபோதே பெரியப்பா தெரிவித்துவிட்டார். 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் பதிவு செய்திருக்கிறோம். கைமாறுவதையும் முறைப்படி தெரிவித்த பிறகே ஆமை எங்கள் வீட்டை விட்டுப் போகும். துணைக்கு ஒரு நட்சத்திர ஆமையையும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பெரியவருக்குத் துணையும் தேவையில்லை. இன்னோர் ஆண் ஆமை எதிரில் வந்தால் முட்டிக் கவிழ்த்துப் போடத்தான் பார்க்கும்.

விலை எதுவும் இல்லை. வாஸ்துவுக்காகவோ அதிர்ஷ்டத்துக்காகவோ கேட்பவர்களுக்குத் தருவதாகவும் இல்லை. முதலில் நாங்கள் வந்து உங்கள் நிலத்தைப் பார்க்கிறோம். பிறகு நீங்கள் குடும்பத்தோடு வந்து ஒரு காலைப்பொழுது அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போங்கள். கொட்டகைச் செலவில் பாதியை எங்கள் குடும்பம் ஏற்கும், வண்டிச் செலவு முழுவதும் எங்களுடையது. பெரியம்மா அவ்வப்போது வந்து பார்க்க அனுமதித்தால் போதும். ஐப்பசி மழை தொடங்குமுன் கொட்டகை எழும்பியிருக்க வேண்டும் என்பதால், இந்த ஆடிக்குள் யாராவது முன்வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து
பெரியவரின் வீட்டார்